பிளாட்லேண்ட் பிஎம்எக்ஸ்: மைதானம் இல்லாத விளையாட்டை வீடியோக்கள் காப்பாற்றியது எப்படி?

உங்கள் ரீல்ஸிலும் இது ஒருமுறையாவது வந்திருக்கும். ஆளில்லாத கார் பார்க்கிங். ஒருவர் சின்ன சைக்கிளின் முன்சக்கரப் பக்கம் நின்றபடி, பின்பகுதியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வட்டமடிக்கிறார். சறுக்குமேடை இல்லை, உயரத் தாவல் இல்லை. 'இது சர்க்கஸா, டான்ஸா?' என்று யோசித்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பீர்கள். அதன் பெயர் பிளாட்லேண்ட் பிஎம்எக்ஸ்.

அது என்ன பிளாட்லேண்ட்?

பிஎம்எக்ஸ் என்பது 20 அங்குலச் சக்கரம் கொண்ட சைக்கிள். முதலில் மண்பாதைப் பந்தயத்துக்குத்தான் பயன்பட்டது. 1970களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் பாப் ஹாரோ போன்றவர்கள் அதில் வித்தை காட்டத் தொடங்க, ஃப்ரீஸ்டைல் பிறந்தது. அதில் சமதளத்தில் மட்டும் செய்வதுதான் பிளாட்லேண்ட்.

சைக்கிளும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

• சக்கர அச்சுகளின் முனையில் 'பெக்' எனப்படும் குட்டைக் குழாய்கள் இருக்கும். பெடலைவிட இவற்றின் மேல்தான் அதிகம் நிற்பார்கள்.
• பலர் 'ஃப்ரீகோஸ்டர்' என்ற பின்சக்கர ஹப்பைப் பயன்படுத்துவார்கள். சைக்கிள் பின்னால் உருண்டாலும் பெடல் சுற்றாது.
• பிரேக்கே வைக்காமல் ஓட்டுபவர்களும் நிறைய.

வீடியோ எப்படி இதற்குள் வந்தது?

1980களில் ஃப்ரீஸ்டைல் பெரிய வியாபாரம். பத்தாண்டு முடிவதற்குள் சந்தை சரிந்தது. நிறுவனங்கள் ஸ்பான்சர் பணத்தை நிறுத்தின.

அதே காலத்தில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள யார்க் நகரில் கெவின் ஜோன்ஸ் என்ற இளைஞர் விளையாட்டையே மாற்றிக்கொண்டிருந்தார். அதுவரை பெரும்பாலும் பிரேக் பிடித்து, நின்ற இடத்தில் குதித்துச் செய்த வித்தைகளை, சைக்கிள் உருண்டுகொண்டே இருக்கும்போது செய்ய முடியும் என்று காட்டினார். 'பிளைவுட் ஹுட்ஸ்' என்ற அவரது நண்பர்கள் குழுவில் ஒருவரான மார்க் ஈட்டன் அதைப் படம்பிடித்து, 'டார்க்கின் இன் யார்க்' என்ற விஎச்எஸ் தொடராக வெளியிட்டார்.

கோச் இல்லை, அகாடமி இல்லை. டேப்தான் வாத்தியார். நிறுத்தி, பின்னால் ஓட்டி, கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றார்கள்.

இன்று நிலைமை என்ன?

எக்ஸ் கேம்ஸ் போட்டி 2003-க்குப் பிறகு பிளாட்லேண்டைக் கைவிட்டது. பிஎம்எக்ஸ் பந்தயம் 2008-லும், சறுக்குமேடைகளில் நடக்கும் 'பார்க்' பிரிவு டோக்கியோவிலும் ஒலிம்பிக்கில் நுழைந்தன. பிளாட்லேண்டுக்கு இன்னும் இடமில்லை. ஆனால் 2019-ல் சீனாவின் செங்டுவில், சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் நகர்ப்புற உலக சாம்பியன்ஷிப்பில் இது சேர்க்கப்பட்டது. 2022-ல் ஜப்பானின் சிபாவில் நடந்த எக்ஸ் கேம்ஸிலும் திரும்பி வந்தது.

ரீல்ஸ் நல்லதா, கெட்டதா?

இரண்டும்தான். ஒரு ஊரில் தனியாகப் பழகுபவருக்கு உலகமே பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் இந்த விளையாட்டின் உயிர், ஒரு வித்தையிலிருந்து இன்னொன்றுக்கு விழாமல் மாறுவதில் இருக்கிறது. சில விநாடி கிளிப்பில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். அதற்கு முன் விழுந்த நூறு தடவையும் தெரியாது.

இன்னொரு கவலையும் உண்டு. இந்த விளையாட்டின் வரலாற்றில் பெரும்பகுதி ஓட்டுபவர்களின் வீட்டு டேப்புகளிலும் சொந்தக் கணக்குகளிலும்தான் இருக்கிறது. டேப் பூஞ்சை பிடித்தாலோ, கணக்கு முடங்கினாலோ, அந்தப் பக்கம் அழிந்துவிடும்.

அடுத்த முறை என்ன கவனிக்கலாம்?

சைக்கிளைப் பார்க்காதீர்கள், கால்களைப் பாருங்கள். தரையைத் தொட்டால் அது பிழை. பிறகு முடிவைப் பாருங்கள். எத்தனை சுற்று சுற்றினாலும், கால்கள் மறுபடி பெடலுக்கு வந்து, சைக்கிள் சாதாரணமாக ஓடினால்தான் வித்தை முடிந்ததாகக் கணக்கு. அதுவரை விரலை நகர்த்தாமல் இருங்கள்.