வெளிப்பொருளும் உட்பொருளும்

 

“தொழுகையின் உட்பொருள் இறைதியானமே, அது கைகூடியவனுக்கு ருகூஉம் ஸுஜூதும் எதற்கு?” என எங்கேனும் கேட்டுவந்து உங்கள் பிள்ளை வினவக்கூடும். “ஸூபிகளின் குர்ஆன் விளக்கம் முழுவதுமே வழிகேடு” என மற்றொரு பிள்ளை வாதிடவும் கூடும். இருவருமே ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காணத் தவறியவர்கள்.

வசனத்தின் நேர்ப்பொருளை முழுமையாக ஏற்று, அதற்கு மேலாக உள்ளத்திற் தோன்றும் குறிப்பை உரைப்பதே ‘இஷாரா’ விளக்கமாகும். இமாம் குஷைரீ (ரஹ்) அவர்களின் ‘லதாயிபுல் இஷாராத்’ இவ்வகையைச் சேர்ந்தது. நேர்ப்பொருளையே மறுத்து, மறைபொருள் மட்டுமே உண்டு என்போர் பாதினிய்யாக்கள்.

இத்தகைய நுண்ணறிவுக்கு ஸஹாபாக்களிடமே முன்மாதிரி உண்டு. உமர் (ரலி) அவர்கள் பத்ர் வீரர்களான முதியோரின் சபையில் இளைஞர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களையும் அமர்த்தினார்கள். “இவர் வயதுப் பிள்ளைகள் எமக்கும் உள்ளனரே” எனச் சிலர் குறைபட்டனர். ‘நஸ்ர்’ அத்தியாயத்தின் கருத்தை உமர் (ரலி) வினவியபோது, வெற்றி வந்தால் இறைவனைப் புகழ்ந்து பிழைபொறுக்கத் தேடுமாறு அது ஏவுகிறது என்றனர் சிலர். இப்னு அப்பாஸோ, நபி (ஸல்) அவர்களின் மறைவு நெருங்கியதை அது அறிவிக்கிறது என்றார்கள். உமர் (ரலி) அதனை ஆமோதித்தார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. முதியோர் கூறிய பொருளும் இதனால் பொய்த்துவிடவில்லை.

ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘மிஷ்காத்துல் அன்வார்’ நூலில் இதனை மிகத் தெளிவாக்குகிறார்கள். துவா பள்ளத்தாக்கில் மூஸா (அலை) அவர்களுக்குப் பாதணிகளைக் கழற்றுமாறு கட்டளை வந்தது (20:12). அது இம்மை, மறுமை ஆகிய இரண்டின் மீதுமுள்ள நாட்டத்தைக் களைவதற்கும் குறிப்பு என்கிறார்கள். ஆனால் மூஸா (அலை) பாதணிகளை மெய்யாகவே கழற்றினார்கள் என்பதை மறுக்க இடமளிக்கவில்லை. நாயுள்ள வீட்டில் மலக்குகள் நுழையார் என்ற ஹதீஸையும் எடுத்துக்காட்டுகிறார்கள். வீடு என்பது உள்ளம், நாய் என்பது கோபம் எனக் கூறிக்கொண்டு வீட்டில் நாயை வைத்திருப்பவன் பிழைத்தவன். நாயை வீட்டிலிருந்தும் கோபத்தை உள்ளத்திலிருந்தும் ஒருங்கே வெளியேற்றுபவனே நிறைவானவன்.

பிள்ளை கேட்டுவந்த அந்த வாதமும் புதியதன்று. அந்தரங்கத்தில் எப்போதும் தொழுகையிலேயே இருக்கிறேன் என்று சொல்லித் தொழுகையைக் கைவிட்டோரை அதே நூலில் குறிப்பிட்டு, வழிதவறியோர் வரிசையில் வைக்கிறார்கள் இமாமவர்கள். அவர்களே ஒரு ஸூபி என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.