18 கிலோமீட்டர் தகராறு!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கணக்கைப் போட்டு நீட்டினேன். மேனேஜர் ஒரு பார்வை பார்த்தார். "போன வருஷம் என்ன வந்துச்சு? அதே மாதிரி வர்றாப்ல போட்டுக் கொண்டாப்பா!" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். மாசக் கடைசி சார், வேறென்ன செய்ய?

லூயிஸ் எஸ்ஸன் அப்படிச் செய்யவில்லை.

1946. லண்டன் பக்கம் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம். யுத்தத்தில் ரேடார் வந்துவிட்டது. ரேடியோ அலை போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்ல வேண்டுமானால், அலையின் வேகம் கச்சிதமாகத் தெரிய வேண்டும். ஒளிக்கும் அதற்கும் ஒரே வேகம்தான். நோபல் பரிசு பெற்ற மைக்கேல்சன் தொடங்கிவைத்த சோதனையில் கிடைத்தது, விநாடிக்கு 2,99,774 கி.மீ.

எஸ்ஸனும் கார்டன்-ஸ்மித்தும் ஒரு செம்பு உருளையை மூடி, உள்ளே இருந்த காற்றை உறிஞ்சிவிட்டு, ரேடியோ அலையைச் செலுத்தினார்கள். காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் 'ஙொய்ங்' என்று ஒலிக்குமே, அதே சமாசாரம்தான். உருளையின் அளவும் அந்தச் 'சுருதி'யும் தெரிந்தால் வேகம் வந்துவிடும்.

வந்தது: 2,99,792. பதினெட்டு கிலோமீட்டர் அதிகம்!

மேலிடம் நம்பவில்லை. மைக்கேல்சன் கணக்கே தப்பா? என்னய்யா இது! எஸ்ஸன் விடையை மாற்றவில்லை. கருவியை மேலும் செம்மைப்படுத்தி, 1950-ல் மறுபடி அளந்தார். 2,99,792.5!

அமெரிக்காவில் இன்னொருத்தர், அஸ்லாக்சன். விமானத்திலிருந்து 'ஷோரான்' ரேடியோ கருவியால் நிலத்தை அளந்துகொண்டிருந்தார். வானத்துக் காற்றை உறிஞ்ச முடியுமா? அது அலையின் வேகத்தில் விநாடிக்குச் சுமார் 90 கிலோமீட்டரைக் குறைத்துவிடும். ஈரம், சூடு, அழுத்தம் மாறினால் அதுவும் மாறும். இதையெல்லாம் கணக்கில் சேர்த்த பிறகும் தூரம் உதைத்தது. கடைசியில் வேகத்தின் மேலேயே சந்தேகம் வந்து, தெரிந்த தூரங்களை வைத்துத் திருப்பிப் போட்டார். 1949-ல் அவருக்குக் கிடைத்ததும் 2,99,792 சொச்சம்தான்!

1983-ல் உலகமே 2,99,792.458 என்று நிர்ணயம் செய்துவிட்டது.

என் கணக்கு என்னாச்சு என்கிறீர்களா? ஆறு மாசம் கழித்து ஆடிட்டர் கண்டுபிடித்தார். முதலில் நான் போட்டதுதான் சரி. ஆனால், கையெழுத்து இரண்டாவதில் அல்லவா போட்டிருந்தேன்!