டோஸ், அர்ச்சனை, மண்டகப்படி

"கணக்கு நோட்டை வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டான். வாத்தியார்கிட்ட செம டோஸ்!" சுவாமிமலைக் கடைவீதியில் இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால், பையனுக்கு உடம்பு சரியில்லை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். திட்டு வாங்கியிருக்கிறான் என்று புரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் டோஸ் என்பது ஒரு வேளைக்குத் தரும் மருந்தின் அளவு. 'கொடுத்தல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்ப் பேச்சில் அது ஏச்சுக்கும் பெயராகிவிட்டது. மேலதிகாரி டோஸ் விடுகிறார், குமாஸ்தா டோஸ் வாங்குகிறார். நம் பேச்சில் திட்டு என்பதும் ஒருவர் கொடுக்க இன்னொருவர் வாங்கும் பொருள்தான். 'நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்' என்பதும் அதே கொடுக்கல் வாங்கல்தான்.

கோயிலும் இதற்குச் சொற்களைத் தந்திருக்கிறது. அர்ச்சனையில் இறைவனின் திருநாமங்களை 108, 1008 என்று அடுக்கிச் சொல்லிப் பூப்போடுவார்கள். மூச்சுவிடாமல் அடுக்கித் திட்டினால் அதுவும் 'அர்ச்சனை'. திருவிழா உலாவில் உற்சவர் மண்டபத்தில் தங்கி, உபயதாரர் செலவில் நைவேத்தியமும் தீபாராதனையும் ஏற்பது மண்டகப்படி. தாமதமாக வீடு திரும்புகிறவருக்கு வாசலிலேயே காத்திருக்கும் வசவுக்கும் அதுதான் பெயர்.

ஊருக்கு ஊர் வினைச்சொல்லும் மாறும். தஞ்சைப் பக்கம் திட்டுவார்கள், மதுரைப் பக்கம் வைவார்கள், நெல்லையில் ஏசுவார்கள். யாழ்ப்பாணத்தில் 'அம்மா பேசுவா' என்றாலே பிள்ளை பயப்படும்.

கண்டிப்புக்குச் சுவாமிமலையிலேயே ஒரு புராணக் கதை உண்டு. பிரணவத்துக்குப் பொருள் தெரியாமல் விழித்த பிரம்மாவின் தலையில் முருகன் குட்டிச் சிறையில் வைத்தார். பிறகு தந்தை சிவபெருமான் கேட்க, அவருக்கே குருவாக இருந்து அந்தப் பொருளை உபதேசித்துத் தகப்பன்சாமி ஆனார். அறியாமையைக் கண்டித்தவர், அறிந்ததைச் சொல்லியும் கொடுத்தார்.

திருக்குறள் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் 'இடிப்பார்' என்று ஒரு சொல்லை ஆள்கிறது. தவறு கண்டால் இடித்துச் சொல்பவர் என்று பொருள். அப்படிப்பட்டவர் அருகில் இல்லாத மன்னன், கெடுப்பவர் யாரும் இல்லாவிட்டாலும் கெட்டுப்போவான் என்கிறார் வள்ளுவர்.

இடித்துரைப்பது செய்த தவற்றைச் சுட்டும். வசை ஆளையே சுடும். 'கணக்கு தப்பு, திரும்பப் போடு' என்பது முதல் வகை. 'நீ எதுக்கும் லாயக்கில்லை' என்பது இரண்டாவது. வகுப்பறையில் இந்த இரண்டாவது வகைக்கு இன்று இடமில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், பிள்ளைகளை அடிப்பதை மட்டுமல்லாமல் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது.