நவக்கிரகத்தில் பூமி எங்கே?

சனிக்கிழமை சாயங்காலம். கொங்கு நாட்டுச் சிவன் கோயில்களில் நவக்கிரக மேடையைச் சுற்றிக் கூட்டம் நெரியும். எள் விளக்குகள் எரியும். ஒன்பது சுற்று முடியும் வரை யாரும் வாய் திறப்பதில்லை.

பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவனும் சுற்றுகிறான். சுற்றிக்கொண்டே விரல் விட்டு எண்ணுகிறான்.

"ஏனுங்க அம்மிச்சி, இதுல பூமி எதுங்க?"

"பேசாம சுத்து சாமி!" என்கிறாள் பாட்டி.

ஆனால் பையன் கேட்டது நல்ல கேள்வி. சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, ராகு, கேது. ஒன்பதும் சரி. அந்த மேடையில் பூமி இல்லை!

காரணம் எளிது. முன்னோர்கள் மண்ணில் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்தார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணினார்கள். காலின் கீழே இருந்தது எண்ணிக்கையில் வரவில்லை.

மேடையின் நடுவில் சூரியன் இருக்கிறதே, ஆகையால் பூமி சூரியனைச் சுற்றுவது அப்போதே தெரியும் என்று சிலர் சொல்வார்கள். அது பொருந்தாது. பூமியைச் சுற்றும் சந்திரனும் அதே வரிசையில்தான் நிற்கிறது!

பெருமைப்பட வேறு செய்தி உண்டு. கி.பி. 499-ல் ஆரியபட்டர் நூல் எழுதினார். பூமி தன்னைத் தானே சுற்றுகிறது என்றார். படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் ஓடுவது போலத் தெரிகிறதே, அப்படித்தான் நட்சத்திரங்கள் ஓடுவதும் என்றார். கிரகணம் என்பது நிழல் விளையாட்டு என்றும் சொன்னார். ஆனால் அவர் கணக்கிலும் பூமி நடுவில்தான் இருந்தது. அதை நடுவிலிருந்து நகர்த்திய கோப்பர்நிக்கஸ் நூல் 1543-ல் ஐரோப்பாவில் வெளிவந்தது.

அப்படியானால் ராகுவும் கேதுவும் வெறும் கதையா? இல்லை. வானத்தில் சூரியன் போகும் பாதையும் சந்திரன் போகும் பாதையும் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. அந்த இரண்டு இடங்களே ராகு, கேது. சூரியனும் சந்திரனும் அவற்றின் அருகில் வரும்போதுதான் கிரகணம் பிடிக்கும். பாம்பு விழுங்குவதாகச் சொன்னது கதை. கணக்கு மெய்.

அவிநாசிக்கு வந்த தொலைநோக்கி

1871 டிசம்பர் 12. அன்று காலையில் முழுச் சூரிய கிரகணம். நிழல் போகும் வழி கோயம்புத்தூர் ஜில்லாவில் விழுந்தது. சென்னை வான ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் போக்சன் தமது குழுவோடு அவிநாசிக்கு வந்து சேர்ந்தார். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட அதே அவிநாசிதான். பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சன் நீலகிரியில் சோலூருக்குப் போனார்.

இரண்டு நிமிடம் போலத்தான் இருட்டு. அதற்காகக் கடல் கடந்தும் வந்தார்கள்!

எதற்கு? சூரியன் எதனால் ஆனது என்று பார்க்க. ஒளியைக் கண்ணாடிப் பட்டகத்தில் செலுத்தினால் வானவில் போல விரியும். ஒவ்வொரு பொருளுக்கும் அதில் ஒரு தனிக் கோடு உண்டு. அந்தக் கோடுகளை வைத்துச் சூரியனில் இரும்பு இருப்பதைக் கண்டார்கள். சமையல் உப்பில் உள்ள சோடியம் இருப்பதைக் கண்டார்கள். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் இருப்பதையும் கண்டார்கள். கடப்பாரையில் இருக்கும் அதே இரும்பு, கும்பிடுகிற சூரியனிலும் இருந்தது! விண்ணுக்கு ஒரு பொருள், மண்ணுக்கு ஒரு பொருள் என்ற பழைய எண்ணம் போயிற்று.

அவிநாசிக் குழுவில் ஒருவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, சென்னை ஆராய்ச்சி நிலையத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தை 1867-ல் கண்டுபிடித்தார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

அவர் ஆசாரத்தை விடவில்லை. தொலைநோக்கியையும் விடவில்லை. திதியும் கிரகணமும் வானத்தில் நடக்கிறபடி பஞ்சாங்கத்தில் இருக்க வேண்டும், பழைய வாய்பாடு தவறினால் திருத்த வேண்டும் என்று வாதாடினார். வானத்தோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கத்தைத் தாமே வெளியிட்டார். 1880-ல் காலமானார்.

ரோமாபுரியில் 1633-ல் பூமி சுற்றுகிறது என்ற கலிலியோவைக் கூண்டில் நிறுத்தினார்கள். இங்கே சண்டை பஞ்சாங்கத்தோடு நின்றது. ஆனால் அது இன்னும் தீரவில்லை! திருக்கணிதப் பஞ்சாங்கம் 2025 மார்ச் 29-ல் சனிப்பெயர்ச்சி என்றது. வாக்கியப் பஞ்சாங்கம் 2026 மார்ச் என்றது. வானத்தில் இருக்கும் சனி ஒன்றே ஒன்று.

ஆயிரத்தெட்டு அண்டம்

பூமி நடுவில் இல்லை. சூரியனாவது நடுவில் இருக்கிறதா? அதுவும் இல்லை. பால்வீதி என்னும் நட்சத்திரக் கூட்டத்தில் பத்தாயிரம் கோடிக்கும் மேல் நட்சத்திரங்கள். அதில் ஒன்று சூரியன். நடுவிலிருந்து வெகு தூரம் ஒதுங்கி, ஊர்க்கோடியில் குடிசை போட்டது போல இருக்கிறது. அப்படிப்பட்ட கூட்டங்களே கோடி கோடி!

இதைக் கேட்டால் சிலருக்கு மனம் சுருங்கும். இத்தனை பெரிய பிரபஞ்சத்தில் இந்தத் தூசியைச் சாமி பார்ப்பாரா என்று தோன்றும்.

அம்மிச்சி அதற்குப் பயப்பட மாட்டாள். மருதமலையிலும் பழனியிலும் சூரசம்ஹாரம் பார்த்தவள் அவள். சூரபத்மன் ஆண்டது ஓர் அண்டமா? ஆயிரத்தெட்டு அண்டம்! கந்த புராணம் அப்படித்தான் சொல்கிறது. மாணிக்கவாசகரோ நூறு கோடிக்கும் மேற்பட்ட அண்டங்களைப் பேசினார். இவை தொலைநோக்கியால் எண்ணிய எண்ணிக்கை அல்ல. அவற்றை விஞ்ஞானம் என்று சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் பூமி ஒன்றுதான் உலகம் என்று அந்தப் பக்தி ஒருநாளும் நினைத்ததில்லை. பூமி நடுவில் இல்லை என்பதால் அதில் ஒரு செங்கல்லும் சரியவில்லை.

சரி, பூமிக்கு விசேஷம் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. சூரியன் சந்திரனைவிடச் சுமார் 400 மடங்கு பெரியது. தூரமும் சுமார் 400 மடங்கு. அதனால்தான் வானத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. ஒன்று மற்றொன்றை மூடி போட்டது போல மறைக்கிறது. செவ்வாய்க்கு இரண்டு நிலவு உண்டு, இரண்டும் பொடி. அங்கே சூரியன் முழுதாக மறையாது. இதுகூட நிலையானது அல்ல. சந்திரன் ஆண்டுக்கு ஒன்றரை அங்குலம் விலகிப் போகிறது. சுமார் 60 கோடி ஆண்டு கழிந்தால் முழுக் கிரகணமே கிடையாது!

இன்னொரு விசேஷம் இதைவிடப் பெரியது. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள் ஐயாயிரத்துக்கும் மேல் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றிலும் ஒரு புல் முளைத்ததாக இதுவரை சான்று இல்லை. நொய்யல் ஓடுவதும், மாடு அசை போடுவதும், ஒரு பையன் கேள்வி கேட்பதும் இங்கே மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

2019 டிசம்பர் 26 காலை 9.30 மணி போல, அவிநாசி மேல் மறுபடியும் நிழல் விழுந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு எல்லாம் அந்த வழியில் இருந்தன. இந்தத் தடவை சந்திரன் சற்றுத் தள்ளி இருந்ததால் சூரியன் முழுதாக மறையவில்லை. நெருப்பு வளையம் சுமார் மூன்று நிமிடம். கோயில் நடைகள் சாத்தப்பட்டன. வீடுகளில் சோற்றுப் பானையில் தர்ப்பை போட்டார்கள். உள்ளே பாட்டிமார் விரதம்; வெளியே பிள்ளைகள் கிரகணக் கண்ணாடியோடு!

அடுத்த நெருப்பு வளையம் 2031 மே 21-ல் கேரளம், தென் தமிழ்நாடு வழியாகப் போகும். கோவையில் சூரியனின் பெரும் பகுதி மறையும். வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. புகை பிடித்த கண்ணாடியும் கூடாது. கிரகணம் விட்டதும் கோயிலைக் கழுவி நடை திறப்பார்கள். நவக்கிரக மேடையிலும் தண்ணீர் ஊற்றுவார்கள், ராகுவுக்கும் சேர்த்து.