பிசோனியா மரமும் கருப்பு எலியும்
பால்மைரா பவளத்தீவு, பசிபிக் பெருங்கடல். எலி ஒழிப்பு: 2011

நம் வீட்டுத் தோட்டத்து லச்சக்கொட்டைக் கீரை இந்த மரத்தின் வெளிர் இலை வகை. பால்மைராவில் இது ஓங்கி வளரும் காட்டு மரம். இதில் கூடு கட்டும் கடற்பறவைகளின் எச்சமே அந்தத் தீவின் மண்ணுக்கு உரம். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தோடு வந்திறங்கிய கருப்பு எலிகள் விதை, நாற்று, முட்டை, குஞ்சு எதையும் விட்டுவைக்கவில்லை. 2011-இல் ஹெலிகாப்டரில் நச்சுத் தீனி தூவி அவற்றை அடியோடு ஒழித்தார்கள். ஆய்வுத் திடல்களில் ஐந்து வகை நாட்டு மரங்களின் நாற்றுகள் அதற்குமுன் 150-ஐக்கூட எட்டவில்லை. பின்னர் 7,700-ஐத் தாண்டின. ஆசியப் புலிக் கொசுவும் மறைந்தது, யாரும் எதிர்பாராத லாபம்.

தீவெங்கும் நஞ்சு தூவலாமா என்ற கேள்வி நியாயமானதே. சில மீன்களும் பறவைகளும் இறந்தன. நிலநண்டுகள் தீனியைத் தின்றும் சாகவில்லை. அவை தின்பதையும் கணக்கிட்டுக் கூடுதலாகவே தூவ வேண்டியிருந்தது. ஆனால் அந்த இழப்பு ஒருமுறையோடு முடிந்தது, எலிகள் விளைவித்ததோ ஆண்டுதோறும் தொடர்ந்த அழிவு. எலி போனதும் தென்னங்கன்றுகளும் பெருகின. தென்னையில் கடற்பறவைகள் அதிகம் தங்குவதில்லை என்பதால், அங்கே இப்போது தென்னைகளையும் அகற்றி வருகிறார்கள்.