ஓடையின் நலமறிதல்

உத்திரமேரூர் வட்டத்தைச் சேர்ந்த மானாம்பதியும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் ஏரிப் பாசனத்தில் பழகியவை. ஓர் ஏரி நிரம்பியதும் மிகுதி நீர் கலங்கல் வழியே ஓடையாக இறங்கி, வயல்களின் வடிநீரையும் சேர்த்துக்கொண்டு அடுத்த ஏரியை அடைகின்றது. ஏரிக்கரைக்கும் மதகுக்கும் செலுத்தப்படும் கவனம் இவ்வோடைகளுக்குச் செலுத்தப்படுவதில்லை. ஆயினும், மேலூர் வயலில் இட்ட உரமும் தெளித்த மருந்தும் கீழூர் ஏரியைச் சென்று சேர்வது இவற்றின் வழியேயாகும். ஆதலின், ஓடையின் நலத்தைக் குடியானவர்கள் தாமே அறிந்துகொள்ளும் முறை இங்கு விளக்கப்படுகின்றது.

நீரைப் பார்த்தல் மட்டும் போதாது

தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரன்று. ஒரு குப்பி நீரை எடுத்துப் பரீட்சித்தால் அந்த நேரத்து நிலைமையே விளங்கும். முந்திய நாள் ஓடிப்போன நஞ்சு அதில் அகப்படாது. ஓடையின் அடியில் வாழும் சிறு ஜந்துக்களோ வாரக்கணக்காக அங்கேயே தங்கி, வந்த நீரையெல்லாம் அனுபவித்தவை. ஆகையால் அவற்றின் சாட்சியம் நம்பத்தக்கது. ஜெர்மனி தேசத்து விஞ்ஞானிகளான கோல்க்விட்ஸ், மார்சன் என்னும் இருவர் 1908, 1909ஆம் ஆண்டுகளிலேயே நீர்வாழ் தாவரங்களையும் ஜந்துக்களையும் கொண்டு நீரின் அழுக்கை அளக்கும் முறையை வகுத்தனர். இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இத்தகைய முறையை மேற்கொண்டுள்ளது.

பருவமும் இடமும்

பருவமழை வெள்ளம் அடியிலுள்ள ஜந்துக்களை அடித்துச் சென்றுவிடும். கோடையில் ஓடையே வறண்டுவிடும். வறண்ட ஓடையை நோயுற்ற ஓடையென்று கருதலாகாது. அது அதன் இயல்பு. எனவே வெள்ளம் வடிந்து மூன்று நான்கு வாரங்கள் சென்றபின், மார்கழி, தை மாதங்களில் பார்ப்பதே தக்கது. வயல்களுக்கு மேற்புறம் ஒன்று, வயல்களின் நடுவே ஒன்று, ஏரியில் விழுவதற்குச் சற்று முன் ஒன்று என மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். சமவெளி ஓடையை மலையோடையோடு ஒப்பிடுதல் பிழை. ஒரே ஓடையின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் ஒப்பிடுவதே முறை.

செய்முறை

இதற்கு இருவர் போதும். ஒருவர் கொசுவலைத் துணியை நீரோட்டத்துக்கு எதிராக விரித்துப் பிடிக்க, மற்றவர் அதற்கு மேற்புறம் நின்று மூன்று நிமிஷம் காலால் அடிமண்ணைக் கிளறவேண்டும். துணியில் தங்கியவற்றை நீருள்ள வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தபின், ஜந்துக்களை மீண்டும் ஓடையிலேயே விட்டுவிடலாம்.

வாலில் மூன்று இழைகளும் வயிற்றின் இருபுறமும் அசையும் செவுள்களும் உடைய சிறு பூச்சிகள் இருப்பின், நீரில் பிராணவாயு குறைவின்றி உள்ளதென்று பெரும்பாலும் கொள்ளலாம். தட்டாரப்பூச்சியின் இளம்பருவங்கள், நத்தைகள், நீர்வண்டுகள் எனப் பலவகை கலந்திருத்தலும் நல்ல அறிகுறியே. சிவந்த புழுக்கள் சில இருப்பதால் தீங்கில்லை. அவையே நிறைந்து வேறெதுவும் இல்லையாயின் சாணக் கழிவோ சாக்கடையோ கலக்கின்றது. மேற்பகுதியில் பூச்சிகள் பல இருக்க, கீழ்ப்பகுதியில் நீர் தெளிவாயிருந்தும் ஒன்றும் இல்லையாயின், பூச்சிமருந்தைச் சந்தேகித்தல் வேண்டும்.

மீனைக் கொண்டு மட்டும் தீர்மானித்தல் தவறு. விரால் காற்றையும் சுவாசிக்க வல்லது. கெட்ட நீரிலும் அது பிழைத்திருக்கும். மீன் வாழும் நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராமேனும் பிராணவாயு இருத்தல் வேண்டுமென்பது வாரியத்தின் விதி. பாசி மிகுந்த ஓடையில் இரவெல்லாம் பிராணவாயு செலவாகி, விடியற்காலையில் மிகக் குறைந்துவிடும். ஆகவே, மீன்கள் வாயைத் திறந்து மேலே மிதக்கின்றனவா என்று அவ்வேளையில் பார்த்தல் நலம்.

பரிகாரம்

குறை கண்டால் முதலில் கரையைப் பார்த்தல் வேண்டும். வரப்பு ஓடைவரை நீண்டு, கரை வெறுமையாயிருந்தால் ஒவ்வொரு மழையும் மண்ணையும் உரத்தையும் நீரில் தள்ளும். கரையோரம் சில அடி நிலத்தை உழாமல் விட்டு, கோரையும் நாணலும் நொச்சியும் புங்கனும் வளரவிட்டால் அவை வடிகட்டியாக நிற்கும். யூரியாவை ஒரே தடவையில் இடாது, பயிரின் தேவைக்கேற்பப் பகுத்திடுதல் செலவையும் குறைக்கும். மருந்து தெளிக்கும் கருவியை ஓடையில் கழுவுதல் அறவே கூடாது. அங்கு மாண்டுபோகும் தட்டாரப்பூச்சிகள், உயிருடன் இருந்தால் நெல்வயலின் பூச்சிகளைப் பிடித்துண்ணும் தோழர்களாகும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 921ஆம் ஆண்டளவில், ஏரியைப் பேண அறுவர் கொண்ட ஏரி வாரியம் ஆண்டுதோறும் குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்டதைக் கூறுகின்றன. நீர்நிலையைப் பேணுதல் ஊரார் அனைவரின் பொறுப்பு என்பது இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. ஒவ்வொரு தை மாதமும் மூன்று இடங்களிலும் கண்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். ஓராண்டுக் குறிப்பால் அறியக்கூடியது சிறிதே. நாலைந்து ஆண்டுக் குறிப்புக்கள், தீங்கு எந்த வயலருகே எப்போது தொடங்கியது என்பதைக் காட்டிவிடும். ஓடை கெட்டபின் ஏரியைச் சீர்திருத்துவது பெருஞ்செலவு; ஓடையை ஆண்டுக்கொரு முறை பார்ப்பதற்கு ஒரு காலைப்பொழுது போதும்.