டயர் லைட் எரியுதா? 14,000 ரூபாய்க்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன டிசம்பர்ல ஒரு நாள் காலையில வண்டியை ஸ்டார்ட் பண்ணினா, டாஷ்போர்டுல மஞ்சளா ஒரு லைட். லாடம் மாதிரி வடிவம், நடுவுல ஆச்சரியக்குறி. சர்வீஸுக்கு விட்டேன். மதியமே போன் வந்துடுச்சு: "சார், டயர் சென்சார் போயிடுச்சு. நாலையும் மாத்திடலாம், 14,000 ஆகும்."

ஆடிட்டர் புத்தி சும்மா இருக்குமா? "நாலு டயர்லயும் காத்து எவ்வளவு இருக்கு?"ன்னு கேட்டேன். யாரும் செக் பண்ணவே இல்லை! நேர்ல போய்ப் பார்த்தா, பின்பக்க இடது டயர்ல 24 பிஎஸ்ஐ. இருக்க வேண்டியது 33. உள்ளே ஒரு ஆணி. பஞ்சருக்கு 150 ரூபாய், லைட் அணைஞ்சுடுச்சு.

அந்த லைட் எப்படி எரியுதுன்னு முதல்ல கவனிங்க. விடாம எரிஞ்சா, காத்து குறைவு. ஸ்டார்ட் பண்ணதும் ஒரு நிமிஷம் போல விட்டு விட்டு மின்னி, அப்புறம் நிலையா எரிஞ்சா, பெரும்பாலும் சிஸ்டத்துலதான் கோளாறு. சென்சார் பேச்சை அப்போ எடுக்கலாம். அதோட பேட்டரி பொதுவா 5 முதல் 10 வருஷம் வரும். வாங்கி மூணு வருஷமான கார்ல நாலும் ஒரே நாள்ல போச்சுன்னா, எந்தச் சக்கரத்துலேர்ந்து சிக்னல் வரலைன்னு ஸ்கேன் ரிப்போர்ட் கேளுங்க.

இன்னொண்ணு. பல கார்கள்ல டயருக்குள்ள சென்சாரே கிடையாது! காத்து குறைஞ்ச சக்கரம் மத்ததை விடக் கொஞ்சம் வேகமா சுத்தும். ஏபிஎஸ் அதை வச்சே கண்டுபிடிச்சிடும். இந்த வகையில காத்து அடிச்ச பிறகும் லைட் அணையாது, மெனுவுல போய் நீங்கதான் ரீசெட் பண்ணணும். ஒவ்வொரு டயரோட பிரஷரையும் டிஸ்ப்ளே தனித்தனியா காட்டினா, சென்சார் இருக்குன்னு அர்த்தம். காட்டலைன்னா மேனுவலைப் பார்த்துட்டு பில்லுக்குத் தலையாட்டுங்க.

பிரஷரைக் காலையில, வண்டியை எடுக்கும் முன்னாடியே பாருங்க. சரியான அளவு டிரைவர் டோர் பக்க ஸ்டிக்கர்ல இருக்கும். டயர் மேல அச்சிட்டிருக்கிறது அதிகபட்ச அளவு, அதை நம்பி அடிச்சிடாதீங்க. வெப்பநிலை 5, 6 டிகிரி குறைஞ்சாலே சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். குளிர்ல எரிஞ்சு மதியம் அணையுற லைட்டுக்கு இதான் காரணம். அப்பவும் காத்து அடிக்கணும், பெட்ரோல் பங்க்ல இலவசம்தான். ஒரே டயர் ரெண்டு நாள்ல மறுபடி இறங்கினா, ஆணி இருக்கான்னு பாருங்க, வால்வுல சோப்புத் தண்ணி விட்டுப் பாருங்க. ஆணியை நீங்களே பிடுங்காதீங்க, பஞ்சர் கடை வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்.

"அப்புறம் பார்த்துக்கலாம்"னு ஓட்டினா டயர் ஓரம் தேயும், சூடாகி வெடிக்கவும் செய்யலாம். இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில டயர் மட்டும் சேதமானா பணம் வராது. விபத்துல காரும் சேர்ந்து அடிபட்டாதான் வரும், அதுவும் டயர் விலையில 50 சதவீதம் வரைக்கும்தான்.

சென்சார் மாத்தியே ஆகணும்னா, எத்தனைன்னு எழுதி வாங்குங்க, கழட்டின பழசையும் கையில வாங்கிக்கங்க. உங்க டோர் ஸ்டிக்கர்ல என்ன நம்பர் இருக்கு? கமெண்ட்ல சொல்லுங்க!